யார் படை, யார் குடி, யார் சாமி? சின்னங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

படைச் சின்னம், குலச் சின்னம், சமயச் சின்னம் என்று எதைப் பற்றிக் கடிதம் வந்தாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘இதற்கு என்ன அர்த்தம்?’ அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தச் சின்னம் யாரை யாரிடமிருந்து பிரித்துக் காட்டப் பிறந்தது? இந்த இதழின் பதில்கள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன.

சங்க காலப் படைகள் பூச்சூடிப் போருக்குப் போனதாகப் படிக்கிறோம். போர்க்களத்தில் பூ எதற்கு? அலங்காரமா, சடங்கா?

முதலில் அடையாளம்; மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. தொல்காப்பியமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: ‘உறுபகை வேந்திடை தெரிதல் வேண்டி.’ பகை வேந்தர்கள் மோதும் இடத்தில் யார் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சேரன் படை போந்தை என்கிற பனையையும், பாண்டியன் படை வேம்பையும், சோழன் படை ஆர் என்கிற ஆத்தியையும் சூடியது. சீருடை என்ற ஒன்று இல்லாத காலம். பேசும் மொழியும் ஒன்று, பிடிக்கும் வேலும் ஒன்று. தலையில் இருக்கும் பூவைத் தவிர ஆளைப் பிரிக்க வேறு வழி குறைவு.

இதில் இரண்டு அடுக்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பனை, வேம்பு, ஆத்தி மூன்றும் ‘யார் படை’ என்று சொல்பவை. வெட்சி, வஞ்சி போன்றவை ‘என்ன வேலை’ என்று சொல்பவை. புறப்பொருள் வெண்பாமாலையின் வரிசைப்படி ஆநிரை கவரப் போகிறவனுக்கு வெட்சி, மீட்கப் போகிறவனுக்குக் கரந்தை, படையெடுப்பவனுக்கு வஞ்சி, எதிர்த்து நிற்பவனுக்குக் காஞ்சி, மதிலை வளைப்பவனுக்கு உழிஞை, உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சி, களத்தில் நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றபின் வாகை. தொல்காப்பியத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே கரந்தை வெட்சிக்குள்ளும் நொச்சி உழிஞைக்குள்ளும் அடங்கும். காஞ்சி நிலையாமையைப் பேசும் திணை. இரண்டு நூல்களையும் கலந்து எழுதும்போதுதான் பள்ளிப் பாடக் குறிப்புகளில் பிழை புகுகிறது.

அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் புறநானூற்றின் 45ஆம் பாட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்கிறான், வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். இருவரும் சோழர்கள். கோவூர்கிழார் நடுவில் நின்று சொல்கிறார்: உன்னோடு பொருபவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேப்பந்தார் அணிந்தவனும் அல்லன், உன் கண்ணியும் (தலையில் சூடும் மாலை) ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். பூ பிரித்துக் காட்டவில்லை என்றால் அது பகை அல்ல என்பதே புலவரின் வாதம். சின்னத்தின் வேலை என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் இதே சிக்கல் ரத்தத்தில் முடிந்தது. 1471 ஏப்ரல் 14, பார்னெட் போர், அடர்ந்த மூடுபனி. அரசன் நான்காம் எட்வர்டின் சின்னம் கதிர் வீசும் சூரியன். அவனை எதிர்த்த வாரிக் பிரபுவின் பக்கம் நின்ற ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் சின்னம் கதிர் வீசும் நட்சத்திரம். எதிரியைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்த ஆக்ஸ்ஃபோர்டின் ஆட்களைப் பார்த்து, சூரியன் வருகிறது என்று நினைத்து வாரிக்கின் வில்லாளிகளே அம்பு தொடுத்தார்கள். ‘துரோகம்’ என்று கூச்சல் எழுந்தது, அணி சிதறியது, வாரிக் அன்றே கொல்லப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டில், இரண்டாம் உலகப் போரிலும் இது ஓயவில்லை. அமெரிக்கப் போர் விமானங்களின் வெள்ளை நட்சத்திரத்துக்கு நடுவில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பியதால் 1942 மே மாதம் அதை நீக்கினார்கள். 1943 ஜூலையில் சிசிலிக்கு மேலே நேச நாடுகளின் பீரங்கிகளே தங்கள் துருப்பு விமானங்களில் 23ஐச் சுட்டு வீழ்த்தின. அடுத்த ஆண்டு பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முன்னால் விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் ஐந்து பட்டைகள் அடிக்கச் சொன்னார்கள்: மூன்று வெள்ளை, நடுவே இரண்டு கறுப்பு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம், இரட்டை எஞ்சினில் 24 அங்குலம். அந்தப் பட்டைக்கு எந்த ‘அர்த்தமும்’ இல்லை. நம்மாளைச் சுடாதே, அவ்வளவுதான்.

பழைய முத்திரை மோதிரத்தில் ஐரோப்பியக் கேடயச் சின்னம் ஒன்று இருக்கிறது. உள்ளே சில இடத்தில் புள்ளி, சில இடத்தில் கோடு. இது வெறும் வேலைப்பாடா?

பெரும்பாலும் அது நிறம். வண்ணம் பூச முடியாத உலோகத்திலும் கறுப்பு வெள்ளை அச்சிலும் நிறத்தைச் சொல்வதற்கு 17ஆம் நூற்றாண்டில் ஒரு முறை நிலைபெற்றது. அதைப் பரப்பியவர் பெத்ரா சாங்க்தா என்ற ஏசு சபைப் பாதிரியார். புள்ளி போட்டிருந்தால் பொன். ஒன்றுமில்லாமல் வெறுமையாக இருந்தால் வெள்ளி. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம். இரண்டும் குறுக்கே வெட்டிக் கட்டம் கட்டியிருந்தால் கறுப்பு. பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாயும் கோடு பச்சை. அதற்கு எதிர்ச் சாய்வு ஊதா.

பூதக்கண்ணாடியை எடுப்பதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. மோதிரம் முத்திரை குத்துவதற்கானது என்றால் உருவம் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிச் செதுக்கப்பட்டிருக்கும். அப்படியே படித்தால் பச்சை ஊதாவாகிவிடும். அரக்கிலோ களிமண்ணிலோ ஓர் அழுத்து அழுத்தி, அந்தப் பதிவைப் படியுங்கள். இரண்டாவது, இந்த முறை பரவுவதற்கு முந்தைய பொருள் என்றால் கோடுகள் வெறும் நிழல் வேலையாக இருக்கலாம்.

படித்தது சரிதானா என்று சோதிக்க ஒரு பழைய விதி கைகொடுக்கும். பொன்னும் வெள்ளியும் ‘உலோகம்’, மற்றவை ‘நிறம்’. உலோகத்தின்மேல் உலோகம் வரக்கூடாது, நிறத்தின்மேல் நிறம் வரக்கூடாது. தலைக்கவசம் முகத்தை மூடிவிட்ட 12ஆம் நூற்றாண்டில் குதிரையில் வருகிறவனைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண வேண்டியிருந்தது. வெளிறியதன்மேல் வெளிறியதும், கருமையின்மேல் கருமையும் தூரத்தில் கரைந்துபோகும் என்பதால் வந்த விதி. நீங்கள் படித்ததில் நீலத்தின்மேல் சிவப்புச் சிங்கம் வருகிறதென்றால் கோட்டை மறுபடி பாருங்கள். விதிவிலக்கு உண்டு, சிலுவைப் போர்க்கால ஜெருசலேம் அரசின் வெள்ளிக் கேடயத்தில் பொற்சிலுவைகள் இருந்தன. விலக்கு என்பதாலேயே அது புகழ்பெற்றது.

இன்னொன்று: கேடயத்தில் வலது, இடது என்பது அதைப் பிடித்திருப்பவனின் வலது, இடது. புத்தகத்தில் ‘வலப்புறம்’ என்றிருந்தால் உங்கள் பார்வைக்கு அது இடப்புறம். குடும்பப் பெயரைச் சொன்னால் ‘உங்கள் வம்சச் சின்னம்’ என்று சட்டம் போட்டு விற்பவர்களை நம்ப வேண்டாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மரபில் கேடயச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, அந்தப் பெயர் கொண்ட எல்லோருக்கும் பொது அல்ல.

அமெரிக்கப் படைவீரர்களின் வலது தோளில் கொடி திருப்பித் தைக்கப்பட்டிருக்கிறதே, தவறா?

தவறில்லை. கொடியில் நட்சத்திரங்கள் உள்ள நீலப் பகுதி கம்பத்தை ஒட்டிய பக்கம். வீரர் முன்னோக்கி நடக்கும்போது கொடி பின்னோக்கிப் பறக்க வேண்டும், அப்போது கம்பப் பக்கம் முன்னால் இருக்கும். வலது கையில் இதைக் காட்ட நீலம் வலப்பக்கம் வந்தாக வேண்டும். நேராகத் தைத்தால் கொடி பின்வாங்குவது போலிருக்கும். விமானத்தின் வலப்பக்கத்திலும் இதே வழக்கம்.

வட அமெரிக்கப் பழங்குடிகளின் ‘டோட்டம்’ கம்பத்தில் இருக்கும் விலங்குகளை அவர்கள் வணங்குகிறார்களா? அடியில் இருப்பது தாழ்ந்ததா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். இந்தக் கம்பங்கள் வட அமெரிக்கா முழுவதற்கும் உரியவை அல்ல. பசிபிக் கடலோரத்தில், இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அலாஸ்காவின் தென்கிழக்கிலும் வாழும் ஹைடா, ட்லிங்கிட், சிம்ஷியான், குவாக்வாகாவாக்கு முதலிய மக்களுடையவை. பெரும்பாலும் செந்தேவதாரு மரம். அதில் செதுக்கப்படுபவை ஒரு குடும்பமோ குலமோ உரிமை கொண்டாடும் சின்னங்களும், அந்த உரிமை எப்படி வந்தது என்ற கதையும். ஹைடா மக்களில் காக்கை, கழுகு என்று இரண்டு பெரும் பிரிவுகள். ஒரு பிரிவுக்குள் மணம் கிடையாது, பிள்ளைகள் தாயின் பிரிவு. கம்பத்தைப் பார்த்தால் அது எந்தப் பிரிவின் வீடு, எந்தத் தலைவரின் நினைவு என்று தெரியும்.

மேலிருந்து கீழ் என்று மதிப்பு இறங்குவதில்லை. அடியில் இருக்கும் உருவம் பார்ப்பவர் கண்ணுக்கு நேரே வருவதால் பல சமயம் அதுதான் பெரிது, அதில்தான் தலைமைச் சிற்பியின் கைவேலை அதிகம்.

உருவங்களைப் படிக்கச் சில குறிகள் போதும். அலகு நேராக நீண்டிருந்தால் காக்கை. நுனி கீழ்நோக்கி வளைந்திருந்தால் கழுகு. வளைந்து திரும்பி முகத்தையே தொட்டால் பருந்து. பறவையின் தலையில் சுருண்ட கொம்பு போன்ற கொண்டை இருந்தால் இடிப்பறவை. முன்னால் இரண்டு பெரிய வெட்டுப்பற்கள், கட்டம் கட்டிய தட்டை வால், கையில் ஒரு குச்சி என்றால் பீவர் என்ற நீர்க்கொறிணி. உயர்ந்து நிற்கும் முதுகுத் துடுப்பு என்றால் கொலைத் திமிங்கிலம். அகன்ற மூக்குத்துளை, நகம், வெளியே நீட்டிய நாக்கு கரடியைச் சொல்லும். ஆனால் உருவத்தைக் கண்டுகொண்டதால் கதை தெரிந்துவிடாது. ஒரே காக்கை இரு குடும்பங்களின் கம்பத்தில் இரு வேறு கதைகளுக்காக நிற்கும். அந்தக் கதையைச் சொல்லும் உரிமையும் அந்தக் குடும்பத்துக்கே.

கம்பம் நட்டு விருந்தும் கொடையும் வழங்கும் ‘பொட்லாட்ச்’ சடங்கைக் கனடா அரசு 1885 முதல் தடை செய்தது. 1951இல்தான் அந்தப் பிரிவு சட்டத்திலிருந்து போனது. இடையில் பல கம்பங்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. ஹைஸ்லா மக்களின் ஜிப்ஸ்கோலக்ஸ் கம்பம் 1929இல் ஸ்வீடனுக்குக் கொண்டுபோகப்பட்டு 2006இல்தான் வீடு திரும்பியது. வெறும் சிற்பம் என்று நினைத்திருந்தால் ஒரு சமூகம் அதைத் திரும்பப் பெற இவ்வளவு போராடியிருக்காது.

ஸ்வஸ்திகா பதித்த பதக்கம் அணிந்து வெளிநாடு போகலாமா? வலப்பக்கம் திரும்பினால் நம்முடையது, இடப்பக்கம் திரும்பினால் நாஜிகளுடையது என்கிறார்களே?

அந்தச் சூத்திரம் தவறு, நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். நாஜிகளின் சின்னமும் நம் வீட்டு வாசலில் போடுவதும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் திரும்புகின்றன. இந்து, பௌத்த, சமண மரபுகளில் இரண்டு திசையும் வழக்கில் உண்டு. ஜப்பானிய வரைபடங்களில் பௌத்தக் கோயிலைக் குறிப்பது இடப்பக்கம் திரும்பியது. சிந்துவெளி முத்திரைகளில் இரண்டும் கிடைக்கின்றன.

பார்க்க வேண்டியது மொத்த அமைப்பை. 1920இல் நாஜிக் கட்சி எடுத்துக்கொண்ட வடிவம்: சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் 45 பாகை சாய்ந்து நிற்கும் கறுப்புச் சின்னம். சாய்வு மட்டுமே கூடச் சோதனை ஆகாது, ஏனென்றால் ஹிட்லரின் தனிக்கொடியில் அது நிமிர்ந்தே இருந்தது. நம் பக்கத்து வடிவங்களில் நான்கு கட்டங்களிலும் புள்ளி, குங்குமம் அல்லது மஞ்சள் நிறம், தாமரையோ கலசமோ துணைக்கு இருக்கும். சமணத்தில் நான்கு கைகளும் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்ற நால்வகைப் பிறப்பு. மேலே மூன்று புள்ளிகள் மும்மணிகள். அதற்கும் மேலே பிறையும் ஒரு புள்ளியும் வீடுபேறு அடைந்தோர் இருக்கும் இடம். துணைக் குறிகளோடு சேர்த்துப் பார்த்தால் குழப்பமே இல்லை. தனியாக, வெறும் உலோகத்தில், கழுத்தில் தொங்கும்போதுதான் குழப்பம்.

ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவு நாஜி அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. அதன் குறி சமயச் சின்னம் அல்ல. ஆனாலும் தெருவில் உங்களைப் பார்ப்பவருக்கு அந்த வேறுபாட்டை விளக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது. தன் குடும்பத்தை முகாமில் இழந்தவரின் பேரப்பிள்ளை எதிரே வரலாம். சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை. பூஜை அறையில் அது இருப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சின்னத்தை நாஜிகளால் இழந்தவர்கள் வேறிடத்திலும் உண்டு. நவஹோ மக்களின் சடங்கு மணல் ஓவியங்களில் ‘சுழலும் மரக்கட்டை’ என்ற பெயரில் இதே வடிவம் இருந்தது. 1940 பிப்ரவரியில் நவஹோ, ஹோபி, அப்பாச்சி, பாப்பகோ இனத்தவர் சேர்ந்து, இனித் தங்கள் போர்வையிலும் கூடையிலும் இதைப் போடுவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அமெரிக்கப் படையின் 45ஆவது டிவிஷன் தோளில் சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் ஸ்வஸ்திகா அணிந்திருந்தது. தென்மேற்குப் பழங்குடிகளுக்கு மரியாதையாக எடுத்த சின்னம். 1939இல் அதை மாற்றி, அதே சிவப்பின்மேல் அதே மஞ்சளில் இடிப்பறவையை வைத்தார்கள். நிறத்தைக் காப்பாற்றி உருவத்தை மட்டும் மாற்றியது நல்ல முடிவு. பழைய வீரனும் புதியவனும் ஒரே படை என்பது அதில் தெரிந்தது.

டாக்டர்கள் காரில் செஞ்சிலுவை ஒட்டுவது சட்டப்படி சரியா?

சரியல்ல. செஞ்சிலுவை மருத்துவத்தின் பொதுச் சின்னம் இல்லை. 1864 ஜெனீவா உடன்படிக்கையில் பிறந்த போர்க்காலப் பாதுகாப்புச் சின்னம் அது: ஸ்விட்சர்லாந்துக் கொடியின் நிறங்களைத் தலைகீழாக்கியது. ‘நான் சண்டையில் இல்லை, காயப்பட்டவரைப் பார்க்கிறேன், என்னைச் சுடாதே’ என்று பொருள். 1876இல் ரஷ்யாவுடன் போர் மூளவிருந்த சூழலில் உஸ்மானியப் பேரரசு சிலுவைக்குப் பதில் செம்பிறையை எடுத்தது. 1929இல் அதற்கு முறையான ஏற்பு கிடைத்தது. ஈரானின் சிவப்புச் சிங்கமும் சூரியனும் அதே ஆண்டு ஏற்கப்பட்டன, 1980 முதல் ஈரான் அதைப் பயன்படுத்துவதில்லை. எந்தச் சமயச் சாயலும் வேண்டாம் என்பவர்களுக்காகச் செம்படிகம் என்ற சாய்சதுரம் 2005 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பயன்பாடு இருவகை. போரில் காப்பதற்கு வைப்பது பெரிதாக, வெள்ளையின்மேல், எழுத்து எதுவும் இல்லாமல், கூரையிலும் வண்டியிலும் தூரத்திலிருந்து தெரியும்படி. செஞ்சிலுவைச் சங்கத்தார் தங்களை அடையாளம் காட்ட வைப்பது சிறிதாக, சங்கத்தின் பெயரோடு. இந்த இரண்டிலும் சேராத மருந்துக்கடை, ஆய்வகம், தனியார் மருத்துவமனை, மருத்துவரின் கார் எவற்றுக்கும் உரிமையில்லை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அரசு அனுமதியின்றி இதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. எங்கும் ஒட்டிப் பழகிவிட்டால், குண்டு விழும் ஊரில் அந்தச் சிலுவையைப் பார்த்துத் துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டியவன் தாழ்த்த மாட்டான். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

மாற்று வழிகள் இருக்கின்றன. முதலுதவிப் பெட்டிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை. ஆம்புலன்சுக்கு நீலநிற ஆறுகால் நட்சத்திரம். மருத்துவருக்கு, கிரேக்கரின் மருத்துவத் தெய்வமான அஸ்க்ளிப்பியஸின் ஒரே பாம்பு சுற்றிய தடி. இறக்கையும் இரண்டு பாம்பும் உள்ளது ஹெர்மிஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தெய்வத்தின் கோல். அவர் தூதர், வணிகருக்குக் காவல் தெய்வம், மருத்துவத்தோடு தொடர்பில்லை. 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு அதை எடுத்துக்கொண்டதால் உலகெங்கும் பரவிய குழப்பம் இது. புதிதாகப் பலகை எழுதுகிறீர்கள் என்றால் பாம்பை எண்ணிப் பாருங்கள்.

இந்திய ராணுவத்தில் தோளில் ஒரு சிங்கம் என்றால் மேஜர் என்று படித்தேன். சுபேதார் மேஜர் தோளிலும் அதே சிங்கம் இருக்கிறதே?

குறுக்கே ஒரு வண்ணப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையோடு சிங்கம் என்றால் சுபேதார் மேஜர். பட்டையோடு இரண்டு நட்சத்திரம் சுபேதார், ஒன்று நாயிப் சுபேதார். பட்டை இல்லாமல் இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட், மூன்று கேப்டன், சிங்கம் மட்டும் மேஜர். சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம் லெப்டினன்ட் கர்னல், இரண்டு கர்னல், முக்கோணமாக மூன்று பிரிகேடியர். அதற்கு மேலே வாளும் கோலும் குறுக்கே வரும்: ஒரு நட்சத்திரத்தோடு மேஜர் ஜெனரல், சிங்கத்தோடு லெப்டினன்ட் ஜெனரல், இரண்டும் சேர்ந்தால் ஜெனரல். கர்னல் முதல் மேலே காலரிலும் சிவப்புப் பட்டி உண்டு. தூரத்திலிருந்து அதுவே போதும். 1950 ஜனவரி 26க்கு முன் சிங்கம் இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ் கிரீடம் இருந்தது. பழைய புகைப்படத்தின் காலத்தைக் கணிக்க இது நம்பகமான குறி.

சோழர் செப்பேட்டு முத்திரையில் புலியோடு மீனும் வில்லும் ஏன்?

மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. அந்த இரண்டு நாடும் என் கைக்குள் என்று சொல்வதற்கு. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் முதலாம் ராஜேந்திரனின் முத்திரையைப் பாருங்கள். உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரட்டை மீன், வில், மேலே குடை, இருபுறமும் சாமரம், சுற்றிலும் கிரந்த எழுத்தில் வடமொழி வாசகம்: இது ராஜேந்திர சோழப் பரகேசரிவர்மனின் ஆணை, அரசர்களின் மகுட மணிகளின்மேல் அமர்வது. தோற்றவனின் சின்னத்தை அழித்துவிடாமல் தன் குடைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்கள். அழித்திருந்தால் யாரை வென்றான் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

முத்திரைக்கு ஒரு நடைமுறை வேலையும் உண்டு. ஏடுகளின் ஓட்டை வழியே செப்பு வளையத்தைக் கோத்து, அதன் இரு முனைகளையும் முத்திரைக்குள் பொருத்தி அடைத்துவிடுவார்கள். வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை உருவவோ புதிதாகச் செருகவோ முடியாது. அதனால்தான் செப்பேடு கிடைத்தால் முதலில் ‘வளையம் அறுபட்டிருந்ததா’ என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் குறித்துவைக்கிறார்கள். கிடைத்த பொருளைச் சுத்தம் செய்கிறேன் என்று வளையத்தைக் கழற்றுபவர்கள் அந்தச் சாட்சியத்தை அழிக்கிறார்கள்.

மாவோரி முகப்பச்சை வடிவத்தைக் கையில் குத்திக்கொள்ள ஆசை. தவறா?

நியூசிலாந்துப் பழங்குடிகளான மாவோரிகளின் ‘மோகோ’ என்ற இந்தப் பச்சை பொது அலங்காரம் அல்ல. வம்சம், தகுதி, பிறந்த குலம் எல்லாம் அணிபவருக்கென்றே வரையப்படுவது. 19ஆம் நூற்றாண்டில் தலைவர்கள் பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதில் தங்கள் மோகோவின் பகுதியை வரைந்து கொடுத்தார்கள். எலும்பு உளியைச் சிறு சுத்தியால் தட்டித் தோலில் பள்ளமே விழும்படி போட்டது பழைய முறை. இணையத்தில் எடுத்த படத்தைக் குத்திக்கொண்டால் முன்பின் தெரியாத ஒருவரின் கையெழுத்தை உங்கள் தோலில் போட்டுக்கொண்ட மாதிரி. மாவோரி அல்லாதவர்களுக்காக, குல விவரம் எதுவும் இல்லாமல் அதே பாணியில் வரையும் ‘கிரிதுஹி’ என்ற வகை இருக்கிறது. அதை வரையும் மாவோரிக் கலைஞரிடம் போங்கள்.

முருகன் யந்திரத்திலும் இஸ்ரேல் கொடியிலும் ஒரே அறுகோண நட்சத்திரம். தொடர்பு உண்டா?

இல்லை. இரண்டு முக்கோணத்தைப் பின்னினால் எங்கும் இந்த வடிவம்தான் வரும். நம் அறுகோணத்தில் மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சக்தி. ஆறு முனைகளில் ‘சரவணபவ’ என்ற ஆறெழுத்து. யூதர்களின் பழைய அடையாளம் ஏழு கிளை விளக்கு. ரோமில் டைட்டஸ் வளைவின் சிற்பத்தில் அதைக் காணலாம், 1949 முதல் இஸ்ரேலின் அரசுச் சின்னமும் அதுவே. நட்சத்திரம் பிராக் நகர யூதர்களின் கொடியில் இடைக்காலத்தில் ஏறி, யூதர்களுக்கெனத் தாயகம் கேட்ட இயக்கத்தின் 1897 சீயோனிய மாநாட்டின் வழியே பொது அடையாளமானது.

எங்கள் மலையேற்றக் குழுவுக்குத் துணியில் பூவேலை செய்த பேட்ச் அடிக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எதைப் போடக்கூடாது என்று பாருங்கள். அசோகச் சிங்கம் வேண்டாம். அரசுச் சின்னத்தை முறையின்றிப் பயன்படுத்தினால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். செஞ்சிலுவையும், இன்னொரு சமூகத்தின் குலச்சின்னமும் வேண்டாம்.

ஓர் உருவம் போதும். மலை, கயிறு, சூரியன், கழுகு, குழுப் பெயர், ஆண்டு எல்லாம் வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். வரைந்ததை உண்மையான அளவில், அதாவது 7.5 முதல் 9 சென்டிமீட்டர் குறுக்களவில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கரைந்துபோகும் பகுதி எதுவோ அதை நீக்குங்கள். வெளிர்மேல் அடர்த்தி, அடர்த்திமேல் வெளிர் என்ற பழைய கேடய விதி இங்கேயும் பொருந்தும்.

நூலுக்கென்று சில அளவுகள் உண்டு. எழுத்து 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓட்டைகள் அடைந்துபோகும். தமிழில் ‘ஞ’, ‘ண’, ‘ழ’ போன்றவற்றுக்கு 7, 8 மில்லிமீட்டராவது கொடுங்கள், புள்ளி தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். கோடு 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. ஒரே வீச்சில் பக்கத்துக்குப் பக்கம் பாயும் பளபளத் தையல் 7, 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் நூல் தொங்கி, பையின் வாரில் மாட்டி அறும். அந்த இடத்தை நிரப்புத் தையலாக மாற்றச் சொல்லுங்கள். ஓரத்தில் சுற்றி வரும் தடித்த தையல் சுமார் 3 மில்லிமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், எழுத்தை அதற்கு உள்ளே தள்ளி வையுங்கள். வட்டம், நீள்வட்டம், கேடயம் போன்ற வெளிவடிவத்துக்கே அது ஒத்துவரும். உள்நோக்கிய கூர்முனை உள்ள வடிவம் என்றால் வெப்பத்தால் வெட்டிய ஓரம் கேளுங்கள்.

இஸ்திரி போட்டு ஒட்டும் பசை, பல தடவை துவைத்தால் ஓரத்தில் எழும்பும். ஒட்டினாலும் சுற்றித் தைத்துவிடுங்கள். புதுப் பருத்திச் சட்டையை ஒருமுறை துவைத்துச் சுருங்கவிட்ட பிறகே தைக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டை சுருங்கும், பாலியெஸ்டர் பேட்ச் சுருங்காது, சுற்றிலும் துணி கொசுவிக்கொள்ளும். மொத்தமாக அடிக்கச் சொல்வதற்கு முன் ஒரு மாதிரி வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து ஒரு வெள்ளைத் துணியை மேலே அழுத்திப் பாருங்கள். சாயம் விடும் நூல் இருந்தால் முதலில் சிவப்புதான் காட்டிக்கொடுக்கும்.